பெயருக்கு அடியில் இருந்த நீலம்

காலையில் பிள்ளைகள் ஏறும்போது மற்ற வேன்காரர்கள் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் கணுக்காலைப் பார்ப்பார். அவருடைய வேனின் படி கொஞ்சம் உயரமானது. பிள்ளை ஒரு காலைத் தூக்கி அதில் வைக்கும்போது கால்சட்டை, எங்கள் ஊரில் சிலுவார், மேலே இழுபடும். காலுறைக்கும் சிலுவாருக்கும் நடுவில் தோல் தெரிந்துவிட்டால் போதும். ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமலே, நாலு நம்பர் லாட்டரியில் பரிசு விழுந்தவர் மாதிரி, தெருவுக்கே கேட்கும்படி சொல்வார்.

"வளந்திருச்சு!"

அந்தப் பிள்ளையின் அம்மா வாசற்கேட்டில் நின்றுகொண்டு தலையில் கை வைப்பாள். புதுச் சிலுவார் வாங்கி ஆறு மாதம்கூட ஆகியிருக்காது.

நாங்கள் ஈப்போவுக்குப் பக்கத்தில் குனோங் ராபாட்டில் மலைக்குக் கீழே இருக்கிற வரிசை வீடுகளில் குடியிருக்கிறோம். எங்கள் வரிசையில் பாதிப் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கும் இடைநிலைப்பள்ளிக்கும் ஏற்றிக்கொண்டு போனவர் அவர்தான். பெரியவர்களுக்கு வேன் அண்ணே, பிள்ளைகளுக்கு வேன் அங்கிள். அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. ஆனால் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

வேனின் கடைசி இருக்கைக்குப் பின்னால் எப்போதும் மூன்று அரிசிச் சாக்குகள் கிடக்கும். ஒன்றில் பையன்கள் துணி, ஒன்றில் பெண் பிள்ளைகள் துணி, ஒன்றில் சப்பாத்துகள், அதாவது பள்ளிக் காலணிகள். ஒரு வீட்டில் சின்னதாகிப் போனது இன்னொரு வீட்டுக்குப் போகும். காலை ஓட்டம் முடிந்து மத்தியான ஓட்டம் தொடங்கும்வரை அவருக்கு அதுதான் வேலை. தானே துவைப்பார், தானே இஸ்திரி போடுவார், பித்தான் தைப்பார். சாக்கில் இருந்தாலும் அந்தத் துணிகள் கடைத் துணிபோல மடிப்புக் குலையாமல் இருக்கும். வேனுக்குள் எப்போதும் சோப்புத் தூள் வாசம்தான்.

சும்மா எடுத்துக்கொள்ள மட்டும் யாரையும் விடமாட்டார். எடுக்கிறவர் ஏதாவது ஒன்றைப் போட வேண்டும். ஒரு ஜோடிக் காலுறையாக இருந்தாலும் சரி. "நான் குடுக்கிற ஆளு இல்ல, மாத்துற ஆளு," என்பார். ஒருமுறை புதிதாகக் குடிவந்த ஒருத்தி, போட ஒன்றும் இல்லை என்று வெறும் கையோடு நின்றாள். "பித்தான் இருக்கா?" என்று கேட்டார். அவள் உள்ளே போய் ஒரு பழைய சட்டையிலிருந்து பித்தான்களை வெட்டிக்கொண்டு வந்து கொடுத்தாள். அவர் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஏதோ பெரிய வியாபாரம் முடிந்த மாதிரி தலையாட்டினார். அவளும் நிமிர்ந்து நடந்து போனாள்.

அவருடைய சொந்த உடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். மகனுடைய தொழிற்சாலைச் சட்டைகளைத்தான் அவர் போடுவார். மகன் நல்ல பருமன். இவர் ஒல்லி. சட்டையின் தோள் முழங்கைக்குப் பாதி வழியில் தொங்கும். பிள்ளைகளுக்கு உடுப்பு அளவாக இருக்க வேண்டும் என்று அலைகிற மனுஷன் இப்படித்தான் திரிந்தார். நாங்கள் காலையில் தேநீர் குடிக்கிற கடையின் பாய், அவரைப் பார்த்தாலே ஆரம்பித்துவிடுவார்.

"அண்ணே, இந்தச் சட்டைக்குள்ள இன்னொரு ஆளும் வரலாம்லா. பாதி வாடகைக்கு விடுங்க."

"நீ வாரியா?"

"நான் வந்தா கிழிஞ்சிரும். என் மவன அனுப்புறேன்."

"உன் மவனுக்குச் சிலுவார் கட்டையாப் போச்சு. அதப் பாரு மொதல்ல."

"ஐயோ, ஆரம்பிச்சிட்டாரு கெடெகுட்!"

மலாய்க்காரர்கள் கஞ்சனைச் சொல்கிற சொல் அது. கடையே சிரிக்கும். அவரும் சிரிப்பார். மறுநாள் பாயின் மகன் நீளமான சிலுவார் போட்டுக்கொண்டு போவான். கல்லாவுக்குப் பக்கத்தில் அவனுடைய பழைய சிலுவார் ஒரு பையில் காத்திருக்கும்.

பெற்றவர்கள் செய்கிற ஒரு காரியம் அவருக்கு ஆகவே ஆகாது. வளர்கிற பிள்ளைதானே என்று பெரிய அளவில் வாங்குவது. ஆண்டு முடிவில் பள்ளித் துணி விற்கிற நேரம் வந்தால், ஈப்போ பட்டணத்துத் துணிக்கடையில் இவர் போய் நின்றுகொள்வார். வாங்குவதற்கு அல்ல. யாராவது ஒரு தாய், பிள்ளையின் முழங்காலைத் தாண்டித் தொங்குகிற அரைச் சிலுவாரைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் பக்கத்தில் போவார்.

"யாருக்குத் தங்கச்சி, இவனுக்கா, இவன் அண்ணனுக்கா?"

"இவனுக்குத்தாண்ணே. வளருவான்ல."

"வளருவான். சிலுவாரு அவனுக்குச் சரியா வர்ற அன்னிக்கு வெளுத்துக் கெழிஞ்சிருக்கும். அது வரைக்கும் பிடிச்சுக்கிட்டே நடப்பான். இன்னிக்கு இருக்கிற பிள்ளைக்கு வாங்குங்க. நாளைக்கு வர்ற பிள்ளைக்கு நாளைக்குப் பாக்கலாம்."

கடைக்காரர் ஒரு தடவை அவரைக் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டதாகக் கேள்வி. அவர் சாலைக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று, பையோடு வெளியே வருகிறவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாராம்.

அவருக்கு எல்லாம் சரியாகவே நடந்தது என்று நினைக்க வேண்டாம். பள்ளிக்கூடங்களில் வெள்ளைச் சப்பாத்து போய்க் கறுப்புச் சப்பாத்து வந்த சமயம், அவருடைய சாக்கில் நல்ல வெள்ளைச் சப்பாத்துகள் நிறைய இருந்தன. தூக்கிப்போட அவருக்கு மனம் வரவில்லை. பெரிய பானையில் சாயம் காய்ச்சி எல்லாவற்றையும் முக்கி எடுத்தார். வேன் கூரைமேல் வரிசையாகக் காயவைத்தார். பார்த்தவர்கள் புதிதென்றே நினைத்தார்கள். அந்த வாரம் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒரு ஜோடி போயிற்று.

திங்கட்கிழமை பள்ளி விடுகிற நேரத்துக்கு ஈப்போ மழை கொட்டியது. பிள்ளைகள் வேனுக்கு ஓடிவந்தார்கள். ஏறி உட்கார்ந்து பார்த்தால் ஒவ்வொரு காலிலிருந்தும் கறுப்புத் தண்ணீர் ஓடுகிறது. வெள்ளைக் காலுறைகள் எருமை நிறமாகிவிட்டன. வீட்டுக்குப் போன பிள்ளைகள் கூடத்துத் தரையெல்லாம் கால் பதித்துவிட்டார்கள். சாயங்காலம் அம்மாக்கள் ஆளுக்கொரு காலுறையைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக் கேட்டுக்கு முன்னால் கூடினார்கள். நானும் தூரத்தில் நின்று பார்த்தேன். அவர் முழங்கைவரை கறுத்த கையோடு வெளியே வந்தார்.

"என்னாண்ணே இது? நாளைக்கு டீச்சர் ஏசுவாங்க!"

"காலுறையையும் கறுப்பாக்கிட்டா சரியாப் போயிரும்லா," என்றார்.

ஒரு சப்பாத்து பறந்து வந்து அவர் தோளில் விழுந்தது. அதை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "இது இன்னும் நல்லாத்தான் இருக்கு," என்றார். கோபமாக வந்தவர்களே சிரித்துவிட்டார்கள். அந்தக் காலுறைகளை எல்லாம் அவரே வாங்கி வைத்துத் தேய்த்துத் துவைத்தார். வேன் தரையில் சின்னச் சின்னக் கறுப்புப் பாதங்கள் ரொம்ப நாள் போகாமல் இருந்தன.

எல்லா வீட்டிலும் என்று சொன்னேன். எங்கள் வீட்டில் இல்லை. என் மகள் உமா முதலாம் ஆண்டிலிருந்து அவருடைய வேனில்தான் போய் வந்தாள். ஆனால் அந்தச் சாக்குகளிலிருந்து ஒரு கைக்குட்டைகூட எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. என் மனைவி விடமாட்டாள்.

அவள் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அந்தத் தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணி வீட்டில் அவளுடைய அம்மா பாத்திரம் கழுவினாள். கிராணி மகளுக்குச் சின்னதாகிப் போன கவுன்கள் இவளுக்கு வரும். தோட்டத்துப் பள்ளியில் ஒரு நாள், எல்லாப் பிள்ளைகளும் வரிசையில் நிற்கும்போது, கிராணி மகள் இவளைக் கைகாட்டி, "அது என்னோட கவுன்," என்று சொல்லிவிட்டது. அந்தப் பிள்ளை கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அடையாளம் தெரிந்து சொன்னது என்று என் மனைவியே சொல்வாள். ஆனாலும் அன்று அவளுக்குள் ஒரு முடிவு விழுந்துவிட்டது. தன் பிள்ளை இன்னொரு பிள்ளையின் உடுப்பைப் போடாது. கல்யாணமான புதிதிலேயே என்னிடம் சொல்லிவிட்டாள். நான் எதற்குமே எதிர்த்துப் பேசுகிற ஆள் இல்லை. சரி என்றேன்.

அவள் ஒரு ஹோட்டலில் சலவைப் பகுதியில் வேலை செய்கிறாள். நான் டயர் கடையில். இரண்டு பேர் சம்பளத்தில் உமாவுக்குப் புதிது வாங்க முடிந்தது. சிக்கனம் வேறு இடத்தில் பிடித்தோம். உமா ஆறாம் ஆண்டு படிக்கும்போது என் கடையில் வியாபாரம் குறைந்து, முதலாளி என்னை வாரத்தில் பாதி நாள் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். உமாவோ அந்த வருஷம்தான் வளரத் தொடங்கினாள். மழைக்குப் பிறகு பார்க்கிற கங்கோங் கீரை மாதிரி. வேனில் ஏறும்போதெல்லாம் "வளந்திருச்சு!" கேட்டது. என் மனைவி உள்ளே நின்று அதைக் கேட்டு முகத்தைச் சுளிப்பாள்.

ஆறாம் ஆண்டு முடிந்து படிவம் ஒன்றுக்குப் போகும் நேரம் வந்தது. இடைநிலைப்பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டையும் அதன்மேல் கையில்லாத இளநீலக் கவுனும். பினாஃபோர் என்பார்கள். தமிழ்ப்பள்ளியில் போட்டது கருநீலம் என்பதால் பழையது எதுவும் உதவாது. எல்லாம் முதலிலிருந்து. என் மனைவி ஒன்றே ஒன்று வாங்கினாள். மூன்று வருஷமாவது வர வேண்டும் என்று பெரிதாக வாங்கினாள். கீழே மடித்துத் தைத்தாள், தோளில் மடித்துத் தைத்தாள். பின்னால் பிரித்துவிடலாம் என்று எங்கும் வெட்டவில்லை. அதனால் அக்குள் பக்கம் வாயைத் திறந்துகொண்டு தொங்கியது. இடுப்புப் பட்டி இடுப்பில் நிற்கவில்லை.

பள்ளி திறந்த முதல் நாள் உமா அதைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். வேன் நின்றது. அவர் வழக்கம்போல மேலிருந்து கீழே பார்த்தார். பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

இரண்டாம் வாரம் உமாவுக்கு வயிற்று வலி வந்தது. மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாள் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார். வீட்டுக்குத் திரும்பும்போது, மோட்டார் சைக்கிளில் எனக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, என் முகம் தெரியாததால் சொன்னாள்.

"அப்பா, என்னை கெலாம்புன்னு கூப்பிடுறாங்க."

கெலாம்பு என்றால் மலாயில் கொசுவலை. பள்ளிக்கூடத்தில் நடக்கும்போது கவுனைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறாளாம். ஓட்டப் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கச் சொன்னார்களாம், கொடுக்கவில்லையாம். "நான் இனிமே போகல," என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. அமைதியாகச் சொன்னாள்.

நான் ஆறாம் ஆண்டோடு நின்றவன். எங்கள் வீட்டில் இடைநிலைப்பள்ளிக்குள் கால் வைத்த முதல் ஆள் அவள்தான். என் மனைவியிடம் சொன்னேன். அவள் கவுனை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு மடிப்புத் தையலைத் தடவிப் பார்த்தாள். வெட்டினால் ஒரு வருஷத்துக்குமேல் வராது. இன்னொன்று வாங்க இப்போது வழியில்லை. சாக்கில் இருக்கும், அதை நான் சொல்ல முடியாது. அவளுக்கும் தெரியும் நான் என்ன நினைக்கிறேன் என்று.

அடுத்த நாள் காலை வேன் வந்து நின்றது. நான் கேட்டில் நின்று, வரவில்லை என்று கையைக் காட்டினேன். அவர் இறங்கி வந்தார்.

"என்னா தம்பி, உமாவுக்கு?"

"வயித்து வலிண்ணே."

"ஏறும்போது பாத்தேன். அது வயித்து வலி இல்ல. கவுன் வலி."

நான் தரையைப் பார்த்தேன்.

"தங்கச்சி வீட்டுல எத்தன மணிக்கு இருக்கும்?" என்று என் மனைவியைப் பற்றிக் கேட்டார்.

"வேணாம்ணே," என்றேன். "அது ஒத்துக்காது."

"நான் குடுக்க வரல. கேக்க வாரேன்."

அன்று சாயங்காலம் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். என் மனைவி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் அவளுக்குப் பின்னால்.

"தங்கச்சி, உமாவோட தமிழ்ப்பள்ளிக் கவுனெல்லாம் வச்சிருக்கீங்களா?"

அவள் எதிர்பார்த்தது அது இல்லை. "இருக்கு," என்றாள்.

"எனக்கு வேணும். கேக்குறதுக்குத்தான் வந்தேன். இந்த வரிசையிலேயே ஒரே பிள்ள போட்ட துணி உங்க வீட்டுலதான் இருக்கு. அதோட, பேரு உமா."

"பேருக்கு என்ன?"

அப்போதுதான் அவருடைய தொழிலில் இருந்த சிக்கல் எனக்குத் தெரிந்தது. சீருடையின் நெஞ்சில் பிள்ளையின் பெயரை ரூமியில், அதாவது ஆங்கில எழுத்தில், தைத்த ஒரு பட்டை இருக்கும். அவர் ஒரு துணியை வாங்கினால் முதல் வேலை, பிளேடால் அந்தப் பட்டையைப் பிரிப்பது. ஆனால் துணி வெயிலிலும் சோப்பிலும் வெளுத்திருக்கும். பட்டைக்கு அடியில் இருந்த இடம் மட்டும் கடையில் வாங்கிய அன்றைய நிறத்தில் அப்படியே இருக்கும். பட்டை எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்கு ஒரு கட்டம். புதிதாக வருகிற பெயர் அதைவிட நீளமாக இருந்தால் மூடிவிடும். குட்டையாக இருந்தால் இரண்டு பக்கமும் கட்டம் எட்டிப் பார்க்கும். பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும்.

"அதனால துணி எப்பவும் சின்னப் பேருல இருந்து பெரிய பேருக்குத்தான் போவணும்," என்றார். "கவிதா போட்டது மகேஸ்வரிக்குப் போவும். மகேஸ்வரி போட்டது திரிபுரசுந்தரிக்குப் போவும். அதுக்கப்புறம் நின்னுரும். பிள்ள பொறந்த வீட்டுக்கெல்லாம் போய்ச் சொல்றேன், சின்னப் பேரா வைங்கலான்னு. யாரு கேக்குறா? உங்க பிள்ளைக்கு மூணே எழுத்து. உமாவோடது யாருக்கும் ஒத்துப்போவும். தங்கம் மாதிரி."

என் மனைவியின் வாயோரம் லேசாக அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. உள்ளே போய், அலமாரியின் அடித்தட்டிலிருந்து கருநீலக் கவுன்களை எடுத்துவந்தாள். ஹோட்டல் சலவைக்காரி மடித்த மடிப்பு. அவர் அதைத் தடவிப் பார்த்தார்.

"யாருக்குண்ணே போவுது?" என்று கேட்டாள்.

"கேக்காதீங்க தங்கச்சி."

"ஏன்?"

"சொன்னா, அந்தப் பிள்ளைய ரோட்டுல பாக்குறப்ப உங்க கண்ணு மூஞ்சிக்குப் போவாது. கவுனுக்குத்தான் போவும். பிள்ளைக்கு அது தெரிஞ்சிரும். நான் யாரு குடுத்தாங்கன்னும் சொல்றதில்ல, யாருக்குப் போவுதுன்னும் சொல்றதில்ல."

கிராணி மகளின் கதை அவருக்குத் தெரியாது. நான் யாரிடமும் சொன்னதில்லை, அவளும் சொல்லியிருக்க மாட்டாள். என் மனைவி கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டாள். கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் பிளாஸ்டிக் பையைக் கேட்டுக்கு மேலாக நீட்டினார். "போட்டவங்க எடுக்கணும். அது என் கட்டளை. சும்மா வாங்கிட்டுப் போனா எனக்குக் கெட்ட பேரு."

அவள் வாங்கினாள்.

உள்ளே ஓர் இளநீல பினாஃபோர் இருந்தது. உமாவுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. அறைக்குள் போய்ப் போட்டுக்கொண்டு வெளியே வந்தவள், கண்ணாடி முன்னால் ஒரு சுற்றுச் சுற்றினாள். இடுப்புப் பட்டி இடுப்பில் இருந்தது. கையை உயர்த்திப் பார்த்தாள், இறக்கிப் பார்த்தாள். பிறகு குனிந்து நெஞ்சைப் பார்த்தாள். வெளுத்த நீலத்தில், கெட்டி நீலமாக, யாருடைய நீளமான பெயரோ இருந்த கட்டம். அவளுடைய புதுக் கவுனிலிருந்து பிரித்த பட்டையை என் மனைவி அதன்மேல் வைத்துப் பார்த்தாள். உமா என்கிற மூன்று எழுத்து, அகலமான மேசைமேல் வைத்த தீப்பெட்டி மாதிரி நின்றது.

அவர் இன்னும் கேட்டில்தான் நின்றார். பட்டையைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"தெரியும் தம்பி," என்றார், குரல் இறங்கி. "இந்த அளவுல சின்னப் பேரு ஒண்ணுக்காக ரொம்பத் தேடிட்டேன். கிடைக்கல. அந்த எடத்த மறைக்கிறதுக்கு எனக்கு ஒண்ணும் தோணல." தொங்குகிற சட்டைக்குள் தோளைக் குறுக்கிக்கொண்டு வேனுக்குப் போனார்.

உமா கவுனைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். நான் அவ்வளவுதான் என்று நினைத்தேன். என் மனைவி தையல் பெட்டியிலிருந்து நூலை எடுத்தாள். கட்டத்தின் ஓரத்திலிருந்து ஓரம்வரை பிடித்து, பல்லால் கடித்து அறுத்தாள். அந்த நூலைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் வேலை முடிந்து பட்டணத்துக்குப் போய்விட்டு இருட்டுகிற நேரத்தில் வந்தாள். பெயர் தைக்கிற கடையிலிருந்து ஒரு சின்ன உறை. உள்ளே நீளமான ஒரு பட்டை. கவுன்மேல் வைத்தாள். கட்டம் ஒரு நூல் அளவுகூட வெளியே தெரியவில்லை.

நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். உமா. அதற்குப் பக்கத்தில், அடையாளக் கார்டில் இருக்கிற மாதிரி, ஏ, பி. அனாக் பெரம்புவான், அதாவது மகள். அதற்குப் பிறகு என் பெயர். பெரியசாமி, முழுசாக.

"இதெல்லாம் எதுக்கு?" என்றேன்.

"நீளம் வேணும்ல," என்றாள், தைத்துக்கொண்டே. "உங்க பேருல நீளம் இருக்கு."

டயர் கடையில் என்னைச் சாமி என்பார்கள். கிளினிக்கில் யாராவது முழுப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டால் எனக்குக் காது சூடாகிவிடும், மெதுவாகத்தான் எழுந்து போவேன். அந்தப் பெயரை என் மகள் நெஞ்சில் போட்டுக்கொண்டு இடைநிலைப்பள்ளிக்குப் போகப்போகிறாள் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. உமாவைப் பார்த்தேன். அவள் பட்டையைத் தடவிக்கொண்டு, "கிளாஸ்ல யாருக்கும் இப்படி இல்லப்பா," என்றாள். நான் பயந்த மாதிரி அவள் சொல்லவில்லை.

காலையில் வேன் வந்தது. உமா படியில் கால் வைத்தாள். அவர் வழக்கம்போலப் பார்க்கத் தொடங்கி, நெஞ்சுக்கு வந்ததும் நின்றுவிட்டார். இன்ஜினை நிறுத்தினார். பிறகு பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடுகிற ஆசிரியர் மாதிரி, தெரு முழுக்கக் கேட்கும்படி வாசித்தார்.

"உமா! அனாக் பெரம்புவான்! பெரியசாமி!"

வேனுக்குள் பிள்ளைகள் கைதட்டின. உமா, "இருக்கேன் அங்கிள்!" என்று சொல்லிக்கொண்டு ஏறினாள். நான் கேட்டுத் தூணுக்குப் பின்னால் போகாமல், நின்ற இடத்திலேயே நின்றேன்.

"இத்தன வருஷமா இதத்தானே பண்றேன்," என்று என் மனைவியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "எனக்குத் தோணலையே தங்கச்சி."

அந்த வாரமே உமா ஓட்டப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தாள். பெரிய கவுனை என் மனைவி வெட்டாமல் அலமாரியில் வைத்தாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு, அது சரியான அளவுக்கு வந்தபோது, புதிதாகவே இருந்தது.

அவர் இப்போது வேன் ஓட்டுவதில்லை. கண் பார்வை குறைந்து, தெலுக் இந்தானில் மகள் வீட்டோடு போய்விட்டார். அங்கேயும் பேரப்பிள்ளைகளின் பள்ளி வாசலில் நின்று, போகிற வருகிற பிள்ளைகளின் கணுக்காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். பாய் கடையில் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கு அவரை நினைத்தால் உமா படிவம் ஒன்று முடித்த வருஷக் கடைசியில் நடந்ததுதான் முதலில் ஞாபகம் வரும்.

பள்ளி விடுமுறை விட்டதும் என் மனைவி அந்த பினாஃபோரைத் துவைத்து, இஸ்திரி போட்டு, பட்டையைத் தானே பிரித்து, அவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். யாரும் கேட்கவில்லை, அவளாகப் போனாள். நானும் கூடப் போனேன். அவர் துணியை விரித்து வெளிச்சத்தில் பிடித்தார். ஏற்கனவே நீளமான கட்டம், இப்போது பழையபடி அப்படியே.

"இது யாருக்கு ஆவும் தங்கச்சி? இவ்வளவு பெரிய பேரு குனோங் ராபாட்ல யாருக்கு இருக்கு?"

"அப்பன் பேரையும் சேத்துக்கச் சொல்லுங்கண்ணே. சரியா வரும்."

அவர் துணியை மடித்துக்கொண்டே சொன்னார். "இது போற பிள்ளைக்கு அப்பன் இல்ல."

அவர் தன் கட்டளையைத் தானே மீறி ஒரு பிள்ளையைப் பற்றிச் சொன்னது அந்த ஒரு தடவைதான். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். யார் என்று என் மனைவி கேட்கவில்லை.

"அம்மா இருக்காங்களா?"

"இருக்கு."

"அப்ப அம்மா பேரு. மறைக்கத்தானே வேணும்? யாரு வந்து கேக்கப் போறா?"

ஜனவரியில் பள்ளி திறந்தது. நாங்கள் இரண்டு பேரும் கேட்டில் நின்று, சாக்கிலிருந்து மாற்றி எடுத்த இன்னொரு பினாஃபோரோடு உமாவை ஏற்றிவிட்டோம். வேனின் ஜன்னலோரத்தில் புதிதாக ஒரு பெண் பிள்ளை உட்கார்ந்திருந்தாள். இளநீலக் கவுன், கழுத்து நேராக, நெஞ்சில் நீளமாக ஒரு வெள்ளைப் பட்டை. படிக்கலாம் என்று நான் கண்ணைச் சுருக்கினேன். என் மனைவி என் கையை அழுத்திப் பிடித்தாள். பிறகு அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் கையசைத்தாள். அந்தப் பிள்ளையும் அசைத்தது. வேன் நகர்ந்து, வளைவில் திரும்பி மறையும்வரை, அவள் பார்வை அந்த முகத்தைவிட்டு இறங்கவே இல்லை.